வெள்ளைக் கோட்டுக்குக் கறுப்புக் கரை

மெக்கன்சி குடும்பத்தின் டார்ட்டனை, அதாவது குடும்ப அடையாளமாக உடுத்தும் கட்டத் துணியை, பச்சையும் நீலமுமானது என்று சொன்னால், அந்த அடையாளம் ஸ்காட்லாந்தில் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பொருந்தும். மெக்கன்சியைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது இரண்டு கோடுகள்தான். பச்சைப் பட்டையின் நடுவே வெள்ளை, நீலப் பட்டையின் நடுவே சிவப்பு. இரண்டின் ஓரத்திலும், கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய கறுப்புக் கரை.

எடின்பரோவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒரு மெக்கன்சி. ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தாத்தா உடுத்திய கில்ட், அதாவது இடுப்பைச் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த டார்ட்டன் உடை, அவரிடம் பத்திரமாக இருக்கிறது. நான் சென்னிமலையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், அப்பா நெசவாளி என்று தெரிந்ததும் அவராகவே அதை எடுத்துவந்து மேசையில் விரித்தார். துணியைக் கையில் வாங்கினால் முதலில் திருப்பிப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். திருப்பினேன். முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே என்று போகும் ட்வில் நெசவு. அதனால்தான் டார்ட்டனை உற்றுப் பார்த்தால் நிறங்கள் கலக்கும் இடத்தில் சாய்வாக மெல்லிய வரிகள் ஓடுவது தெரிகிறது.

டார்ட்டனின் அடிப்படை விதி எளிமையானது. நீளவாக்கில் ஓடும் பாவில் என்ன வரிசையில், எத்தனை இழைகளாக நிறங்கள் வருகின்றனவோ, குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே வரிசை, அதே கணக்கு. மெக்கன்சி துணியில் சிவப்புக் கோட்டிலிருந்து படிக்கத் தொடங்கலாம். சிவப்பு, அதை ஒட்டிக் கறுப்புக் கரை, நீலப் பட்டை, கறுப்புப் பட்டை, பச்சை, கறுப்புக் கரையோடு வெள்ளைக் கோடு, மறுபடி பச்சை, மறுபடி கறுப்பு, கடைசியில் சிவப்பே இல்லாமல் கறுப்புக் கோடுகள் ஓடும் இன்னொரு நீலம். அந்த நீலத்தின் நடுவோடு வரிசை திரும்பிக்கொள்கிறது. வந்த வழியே பின்னோக்கிப் போய்ச் சிவப்பில் முடிந்து, அங்கே மறுபடி திரும்புகிறது. பெரும்பாலான டார்ட்டன்கள் இப்படித் திரும்பித் திரும்பித்தான் நெய்யப்படுகின்றன. ஒரு முழுச் சுற்றில் வெள்ளை இருமுறை வரும், சிவப்பு ஒருமுறைதான். துணியைத் தூரத்தில் பார்க்கும்போது சிவப்பு எங்கோ ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பதுபோல் தோன்றுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஐந்து நிற நூல்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது பதினைந்து. பாவும் ஊடையும் ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் தூய நிறம் ஐந்து, வெவ்வேறு நிறங்கள் குறுக்கிடும் இடத்தில் பாதிக்குப் பாதி கலந்த நிறம் பத்து. தாத்தாவின் கில்ட்டில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் குறுக்கீடுகளைத்தான். வெள்ளை வெள்ளையைச் சந்திக்கும் இடம் தூய பச்சையின் நட்டநடுவில் விழுகிறது. அங்கே ஒரு சின்னஞ்சிறு வெள்ளைச் சதுரம். சிவப்பு சிவப்பைச் சந்திப்பது தூய நீலத்தின் நடுவில். வெள்ளையும் சிவப்பும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமோ, நீலமும் பச்சையும் கலந்து எது என்று சொல்ல முடியாத பகுதியில். அங்கே மட்டும் அரிசி அளவில் ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி. யாரும் அந்த நிற நூலைத் தறியில் போடவில்லை, கணக்கிலிருந்து தானாக வந்த நிறம் அது.

இந்தக் கணக்கை எழுதிவைக்கும் வழக்கமும் பழையது. ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் பற்றிய நூலில், அங்குள்ள பெண்கள் ஒரு மரத்துண்டின்மேல் துணியின் மாதிரியை வைத்திருந்ததையும், ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை இழை என்பது அதிலேயே இருந்ததையும் குறித்திருக்கிறார். நிறம், இழை எண்ணிக்கை, வரிசை. அந்தக் குச்சி கையில் இருந்தால் எந்தத் தறியிலும் அதே துணியை மறுபடி நெய்துவிடலாம். இன்று ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேட்டிலும் ஒவ்வொரு பதிவின் உயிர்நாடி இழைக் கணக்குதான். 2008இல் நிறைவேறிய சட்டத்தின்படி தொடங்கிய பதிவேடு அது, 2009 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது.

மெக்கன்சி துணியின் அடித்தளம் அவர்களுடையது மட்டும் அல்ல. நீலம், கறுப்பு, பச்சை மூன்றும் சேர்ந்த அந்த இருண்ட கட்டம் பிளாக் வாட்ச் படைப்பிரிவின் துணி. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்டைக் காவல் காக்க 1725இல் அமைத்த தனித்தனிக் காவல்படைகள் 1739இல் ஒரே படைப்பிரிவாயின. அதன் பிறகு ஹைலேண்ட் படைகளைத் திரட்டிய பிரபுக்கள் பலரும் அந்த அரசாங்கத் துணியையே எடுத்துக்கொண்டு, தங்களுடையது என்று தெரிய ஒரு கோட்டைச் சேர்த்தார்கள்.

கோர்டன் குடும்பத்தின் கதையில் இது கண்முன்னே நடப்பதுபோல் தெரியும். 1793இல் கோர்டன் பிரபுவுக்காக, ஹன்ட்லி ஊரில் துணி தயாரித்துவந்த வில்லியம் ஃபோர்சைத் மூன்று மாதிரிகளை அனுப்பினார். பிளாக் வாட்ச் கட்டத்தின்மேல் மஞ்சள் கோடு. ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. பிரபு ஒற்றைக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு திரண்ட கோர்டன் ஹைலேண்டர்ஸ் படை அதைத்தான் உடுத்தியது, இன்றும் கோர்டன் என்றால் அந்த ஒற்றை மஞ்சள்தான். லமாண்ட் குடும்பத்துக்கு அதே அடித்தளத்தில் பச்சையின் நடுவே வெள்ளைக் கோடு. ஃபோர்ப்ஸ் குடும்பத்துக்கும் பச்சையின் நடுவே வெள்ளைக் கோடு. வித்தியாசம், ஃபோர்ப்ஸின் வெள்ளைக்கு இருபுறமும் கறுப்புக் கரை உண்டு, லமாண்டுக்கு இல்லை. சில இழைக் கறுப்பில் இரண்டு குடும்பங்கள் பிரிகின்றன. கடையில் அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மெக்கன்சியின் வெள்ளையும் சிவப்பும் அப்படிப் படைகளோடு வந்தவைதான். இந்த இடத்தில் அந்தத் துணியின் கதை நம் ஊருக்கே வந்துவிடுகிறது. ஜான் மெக்கன்சி என்கிற மெக்லவுட் பிரபு 1777இல் திரட்டத் தொடங்கிய 73ஆம் படைப்பிரிவு 1780 தொடக்கத்தில் சென்னையில் வந்து இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்களே, அந்தப் படையில் இந்த ஹைலேண்ட் வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கேப்டன் டேவிட் பேர்ட் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் பல ஆண்டுகள் கிடந்தார். 1799இல் அதே கோட்டைக்குள் புகுந்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

சீஃபோர்த் பிரபு கென்னத் மெக்கன்சி 1778இல் திரட்டிய இன்னொரு படையின் கதை எனக்கு அதைவிடவும் நெஞ்சில் தங்கிவிட்டது. தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு பரவியதும், வீரர்கள் எடின்பரோவில் ஆர்தர்ஸ் சீட் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கப்பலேற மறுத்தார்கள். இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லித்தான் அவர்களை இறக்க முடிந்தது. இருந்தும் 1781இல் இந்தியாவுக்கே அனுப்பினார்கள். சீஃபோர்த் பிரபு கடலிலேயே இறந்தார். சென்னைக்கு வந்து சேருவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஸ்கர்வி நோயிலும் மற்றவற்றிலும் செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் 1783இல் கடலூர்ச் சண்டையில் இருந்தார்கள். அந்தக் குன்று எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். பச்சைக்கு நடுவே வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது.

மெக்கன்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி. லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே ஊர்க்காரர். சீஃபோர்த் குடும்பத்தின் நிலம் அது. அவரும் அதே 1783இல்தான் சென்னைக்கு வந்தார். 1816இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் மெக்கன்சி அணிந்திருப்பது படையின் சிவப்பு மேலங்கி. டார்ட்டன் அதில் கிடையாது. அவர் காலத்தில் குடும்பப் பெயருக்கும் கட்டத்துக்கும் இன்றுபோல் இறுகிய முடிச்சு விழுந்திருக்கவில்லை.

சரி, நிறத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டுக்காரரின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் புதிதாகக் கில்ட் தைத்துக்கொள்ள விரும்பினாள். நெசவாலையிலிருந்து துணி மாதிரிகள் வந்தன. எல்லாவற்றிலும் மெக்கன்சி என்றுதான் பெயர். ஒன்று கருநீலம், கரும்பச்சை. இன்னொன்று வெளிர்நீலம், இளம்பச்சை, சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றாவதில் நீலம் சாம்பலாகவும் பச்சை பழுப்பாகவும் இருந்தன. வியாபாரத்தில் முதலாவதை மாடர்ன் என்கிறார்கள், இரண்டாவது ஏன்ஷியன்ட், மூன்றாவது வெதர்டு. தாத்தாவின் துணியோ இவை எதிலும் சேராமல், நீலமும் கறுப்பும் ஒன்றென்றே தோன்றும் அளவுக்கு இருண்டிருந்தது. இது நம் குடும்பத் துணியே இல்லை என்று பெரியவர் வெளிர்நீலத்தைத் தள்ளிவைத்துவிட்டார். பேத்தி முகம் வாடிவிட்டாள்.

அப்போது அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஊரிலிருந்து கிளம்பும்போதே இழை எண்ணும் கண்ணாடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அது இல்லாமல் எங்கும் போக மாட்டார். கீழே கூட்டிப்போனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, பெரியவருக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவின் துணியையும் வெளிர்நீல மாதிரியையும் அருகருகே போட்டு, கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தார். பச்சை இவ்வளவு, கரை இவ்வளவு, வெள்ளை இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல நான் இரண்டு வரிசைகளாக எழுதினேன். பழைய துணியில் நூல் சன்னம், அதனால் பட்டைக்கு இழை கூடுதல். ஆனால் பட்டைகளுக்குள்ள விகிதமும் வரிசையும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

“சாயம் லாட்டுக்கு லாட்டு மாறத்தான் கண்ணு செய்யும். கணக்கு ஒண்ணா இருக்குது பாரு, ரெண்டும் ஒரே துணிதான்னு அவருகிட்டச் சொல்லு” என்றார் அப்பா.

சொன்னேன். பெரியவர் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு வரிசைகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். டார்ட்டன் குடும்பத்துக்குச் சொந்தம் என்பது அதன் கணக்கில் இருக்கிறது. நீலம் என்றால் எந்த நீலம் என்பதை மரபு பெரும்பாலும் சாயக்காரரிடமே விட்டுவைத்திருக்கிறது. அவுரி எவ்வளவு முறை முக்கினார்கள், தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது, ஆட்டின் ரோமம் எப்படி, இவற்றையெல்லாம் பொறுத்து நிறம் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1856க்குப் பிறகு வேதிச் சாயங்கள் வந்தபோது அடர்நிறங்கள் மலிந்தன, மாடர்ன் என்ற பெயர் அவற்றுக்கு வந்தது. அதற்கு எதிர்வினையாகப் பின்னால் வந்ததுதான் வெளிறிய ஏன்ஷியன்ட். அந்தப் பெயரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய துணி என்றால் மங்கிய துணி என்று நம்பவைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயக்காரர்கள் அவுரியும், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயமான கொச்சினீலும் வாங்கிப் பளிச்சென்று சாயமிட்டவர்கள். நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது இருநூறு ஆண்டு வெளிச்சம் தின்று மீந்த நிறம்.

குடும்பக் கட்டங்கள் எல்லாமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிவிட்ட கதை என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரிதான். ஃபால்கிர்க்கில் ரோமானிய நாணயங்கள் நிறைந்த பானையோடு கிடைத்த கட்டத் துணி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆட்டின் இயற்கை நிறங்கள் இரண்டே. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு மண்ணில் 1980களில் கிடைத்த துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று ஆய்வில் தெரிந்து, 2023இல் டண்டீயில் காட்சிக்கு வைத்தார்கள். பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறங்கள் அதில் இருந்தன. ஆக, கட்டம் பழையதுதான். மார்ட்டின் மார்ட்டின் எழுதியது, துணியைப் பார்த்தால் அவன் எந்த இடத்துக்காரன் என்று ஊகிக்கலாம் என்பதைத்தான், எந்தக் குடும்பம் என்று அல்ல. ஹைலேண்ட் கிளர்ச்சிக்காரர்கள் 1746இல் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் சண்டையை டேவிட் மொரியர் வரைந்த ஓவியத்தில் எட்டு ஹைலேண்ட் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட விதவிதமான கட்டங்கள்.

1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலேண்ட் உடையைத் தடை செய்தது, 1782இல்தான் தடை நீங்கியது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. மெக்கன்சி போன்ற படைத் துணிகள் அந்த இடைவெளியைத் தாண்டி வந்தது அப்படித்தான். மற்றவற்றின் பெயர்களில் பெரும்பகுதி பேனக்பர்ன் ஊரின் வில்சன் நெசவுக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் பிறந்தது. அவர்கள் எண் போட்டு விற்றார்கள், பிறகு ஊர்ப் பெயர், பிறகு குடும்பப் பெயர். 1815இல் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம் உங்கள் டார்ட்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டபோது, எது தங்களுடையது என்றே தெரியாத தலைவர்கள் இருந்தார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த அந்த வரவேற்புக்கு ஆளாளுக்குத் தங்கள் குடும்பத் துணி வேண்டியிருந்தது. வில்சன் புத்தகத்தில் கிட் என்ற பெயரில் இருந்த கட்டம் மெக்பெர்சன் குடும்பத்துடையதானது அந்தக் காலத்தில்தான். கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தன் அடிமைகளுக்கு உடுத்த அந்தத் துணியை மொத்தமாக வாங்கியவர்.

இதில் எனக்கு வலிப்பது கிட் வாங்கிய துணியை உடுத்தியவர்களின் பெயர் எந்தக் கட்டத்துக்கும் வராமல் போனது. பெயர் தாமதமாக வந்தது என்பது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. இருநூறு ஆண்டுகளாக ஒரு குடும்பம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரு துணியை உடுத்தியிருந்தால் அது அவர்களுடையதுதான். எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொண்டே அதை உடுத்துவதில் குறையொன்றும் இல்லை.

பேத்தி வெளிர்நீலத்தையே எடுத்துக்கொண்டாள். பெரியவர் மறுக்கவில்லை. இப்போது அடுத்த கேள்வி மடிப்பு. கில்ட்டின் பின்பக்க மடிப்புகளை இரண்டு விதமாகத் தைக்கலாம். மடித்த பிறகும் கட்டம் தொடர்ந்து ஓடுவதுபோல் தைப்பது ஒன்று. படைவீரர்களின் முறைப்படி ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி தைப்பது இன்னொன்று. கோர்டன் படையில் மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் கோடு நிமிர்ந்து நின்றது. மெக்கன்சியில் இரண்டு கோடுகள் இருப்பதால் தையல்காரர் எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வெள்ளையை வைத்தால் பின்பக்கம் முழுவதும் பச்சையாகத் தெரியும், சிவப்பை வைத்தால் நீலமாக. நடக்கும்போது மடிப்பு விரிந்து மற்ற நிறம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். பெரியவருக்கு வெள்ளை, பேத்திக்குச் சிவப்பு. நான் பேத்தியின் பக்கம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும் அந்தச் சிவப்பு ஒருநாளாவது முன்னால் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அவர்கள் தையல்காரரிடம் பதில் சொல்ல வேண்டும்.